இருநூற்றுப் பதினாறு

இரவு எட்டு இருபதுக்கு
மலைக்கு அந்தப் பக்கம்
ஒரு மரம் கம்பியில் சாய்ந்தது.
காய்த்திருந்த டுரியான் என்று
மறுநாள்தான் தெரிந்தது.

பாலிக் பூலாவ் முழுக்க இருண்டது,
எங்கள் மூன்றைத் தவிர:
கூய் செங் வாட்டின் இறால் குளங்கள்,
சந்தைக்குப் பின்னால் டயாலிசிஸ் நிலையம்,
நான் குடியிருக்கும் அடுக்குமாடி.
தனித்தனிக் கூரைத் தகடுகள், தனித்தனிப் பேட்டரிகள்,
மூன்றையும் கோத்து ஒரு கேபிள்.
அதன் ஒரு முனையில்
தையல் கடைக்கு மேலே ஓர் அறையில்
ஆறிப்போன கோப்பி-ஓவோடு நான்.

பகலில் தொல்லை வேறு.
வீடுகளில் ஆளிருக்காது, வெயிலோ கொட்டும்.
மின்னழுத்தம் ஏறி ஏறி
இருநூற்று ஐம்பத்து மூன்றைத் தொடும்.
போதும் என்று சூரியனைப் பாதியில் அடைப்பது என் வேலை.
என் மகன் பள்ளிக் கட்டுரையில் எழுதினான்:
"என் தாயார் சூரியனை அடைப்பவர்."
ஆசிரியை சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்.

இன்றிரவு கணக்கு தலைகீழ்.
எல்லாரும் வீட்டில்.
எல்லார் வீட்டிலும் சோற்றுக் குக்கர்,
மழையென்றும் பாராமல் ஏர்கோன்.
அடுக்குமாடியின் எண் இறங்குகிறது,
இருநூற்று இருபத்து நான்கு,
இருநூற்றுப் பத்தொன்பது.
பதினாறுக்குக் கீழே போனால்
தானாகவே துண்டித்துக்கொள்ளும்,
பந்தியில் கோபித்துக்கொண்டு
எழுந்து போகிற மாப்பிள்ளை மாதிரி.

செங் வாட் அழைத்தார்.
"மிஸ் வேதவல்லி, காற்றுத் துடுப்பு நின்றால்
அரை மணியில் இறால் எல்லாம் மிதக்கும்."
நூர்ஷாஹிதா அழைக்கவில்லை.
அதுதான் எனக்குப் பயம்.
அங்கே நாற்காலிகளில் எட்டுப் பேர்,
அவர்கள் ரத்தம் குழாய்களில்,
உடம்புக்கு வெளியே.

யாரிடம் எடுத்து யாருக்குக் கொடுப்பது?
நல்லவேளை, முழுதும் என் கையில் இல்லை.
ஒவ்வொரு பெட்டிக்குள்ளும்
ஒரு சரிவை எழுதி வைத்திருக்கிறோம்:
எவ்வளவு சுமக்கிறாயோ அவ்வளவு தணி.
ஒன்று தணிவதை உணர்ந்து
பக்கத்துப் பெட்டி தோள் கொடுக்கும்.
பேச்சு வார்த்தை கிடையாது.
தணியாமல் விறைத்து நிற்பதுதான்
மொத்தப் பாரத்தையும் வாங்கிக்கொண்டு
முதலில் சாகும்.
இதை அடுக்குமாடிக் கூட்டத்தில்,
கார் நிறுத்துமிடச் சண்டையின் நடுவே
சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

ஆனாலும் பதினெட்டு.
பதினேழரை.

அப்போதுதான் கூரைகள் ஞாபகம் வந்தன.
தகடுகளில் மழைத்தண்ணீர் மட்டும்.
அவற்றின் கீழே இன்வெர்ட்டர்கள் சும்மா கிடந்தன.
சும்மா கிடப்பதாலும் ஒன்று முடியும்.
எதிர்வினைத் திறன் என்று பாடப்புத்தகம் சொல்லும்.
சோற்றை வேகவைக்காது,
யார் வீட்டு பில்லிலும் அதற்கு ஒரு வரி இல்லை.
கம்பியில் போகும், திரும்பி வரும், போகும்,
விழப்போகிற அழுத்தத்தைக்
கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ளும்.
நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளுக்கும்
ஒரே கட்டளை அனுப்பினேன்.
செலவுக்கு ஒரு வாய் மின்சாரம் வாங்கிக்கொண்டு
இருட்டில் எழுந்து நின்றன.

பதினெட்டு.
இருபத்தொன்று.
கோப்பியை அப்படியே குடித்தேன்.

பதினொன்று நாற்பதுக்குப் பெரிய கம்பி திரும்பியது.
உடனே கைகோர்க்க முடியாது.
அதன் அலையும் எங்கள் அலையும்
ஒரே கணத்தில் உச்சிக்கு வரவேண்டும்.
அது சற்று முந்தியது, நாங்கள் சற்றுப் பிந்தினோம்,
அருகில் வந்தது, விலகியது,
மறுபடி வந்தது.
டக்.
அவ்வளவு சின்னச் சத்தம்.

காலையில் செங் வாட் ஒரு கிலோ இறால் அனுப்பினார்,
பத்து வெள்ளி கழிவோடு பில்லும்.
அடுக்குமாடி வாட்சாப் குழுவில்
செயலாளர் பரஞ்சோதி கேட்டிருந்தார்:
"நேற்றிரவு மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றின.
யார் பொறுப்பு?"

நீளமாக ஒரு பதில் எழுதி அழித்தேன்.
ஆமாம்,
கொஞ்சம் மெதுவாகத்தான் சுற்றின.